சத்தியமங்கலம் பகுதியும் வாக்குரிமையும்: இரண்டு பட்டியல்களின் வரலாறு

தேர்தல் என்றதும் நினைவுக்கு வருவது வாக்குப்பதிவு நாளும் வாக்கு எண்ணும் நாளும்தான். ஆனால் ஒரு தேர்தலின் பெரும்பகுதி அந்த நாள்களுக்கு முன்பே, இரண்டு பட்டியல்களில் தீர்மானமாகிவிடுகிறது. ஒன்று, யார் வாக்களிக்கலாம் என்று சொல்லும் வாக்காளர் பட்டியல். மற்றொன்று, யாருக்கு வாக்களிக்கலாம் என்று சொல்லும் வேட்பாளர் பட்டியல். இந்த இரண்டில் யார் பெயர் இருக்கலாம், யார் பெயர் இருக்கக்கூடாது என்பதற்காக நடந்த போராட்டமே வாக்குரிமையின் வரலாறு.

பவானி ஆற்றங்கரையில் உள்ள சத்தியமங்கலமும், அங்கிருந்து கீழ்பவானி வாய்க்காலின் வழியே கிழக்கே விரியும் ஈரோடு மாவட்டமும் இந்த வரலாற்றைக் கற்க ஏற்ற இடங்கள். வரிகட்டுவோருக்கு மட்டுமே வாக்கு இருந்த காலத்தையும், எல்லா வயதுவந்தோரும் வாக்களித்த முதல் தேர்தலையும், ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்ட தேர்தலையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது.

குடவோலையும் வரிகட்டுவோர் வாக்கும்

தமிழகத்தில் தேர்தல் பற்றிப் பேசுவோர் முதலில் குறிப்பிடுவது உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக்கல்வி ஆகியவை தகுதிகள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர்கள்.

கணக்குக் காட்டாதவரை விலக்கிய அந்த விதி இன்றும் வியக்கத்தக்கது. ஆனால் இது பிரமதேய ஊர் ஒன்றின் ஏற்பாடு. நிலமில்லாதவர், பெண்கள், பிற சாதியினர் எவருடைய பெயரும் ஓலையில் ஏறாது. தேர்வு முறை நேர்மையாக இருந்தது; பட்டியல் குறுகியதாக இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் பட்டியல் குறுகியதாகவே இருந்தது. 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி, சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 1920-இல் தேர்தல் நடந்தது. மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடி. வாக்குரிமை பெற்றோர் சுமார் 12.5 லட்சம், அதாவது நூற்றுக்கு மூன்று பேர். நிலவரியோ நகராட்சி வரியோ குறிப்பிட்ட அளவு கட்டுவோரே வாக்காளர்கள். அப்போது கோவை மாவட்டத்தில் இருந்த சத்தியமங்கலம் பகுதியில், பவானிக் கரையின் நிலவுடைமையாளருக்கு ஓட்டு இருந்தது. அவர் நிலத்தில் உழுத பண்ணையாளுக்கு இல்லை. திம்பம் மலைமேல் வாழ்ந்த பழங்குடிக்கும் இல்லை.

1921-இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. இந்தியாவிலேயே இது முன்னோடியான முடிவு. எனினும் சொத்துத் தகுதி நீங்கவில்லை. ஆகவே சொத்துள்ள மிகச் சில பெண்களே பயன்பெற்றனர். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியைத் தளர்த்தியதால், 1937 தேர்தலில் மாகாணத்தின் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய 70 லட்சமானது. எழுத்தறியாத வாக்காளருக்காகக் கட்சிகளுக்கு வண்ணப் பெட்டிகள் ஒதுக்கப்பட்டன. காங்கிரசுக்குக் கிடைத்தது மஞ்சள் பெட்டி; 'மஞ்சள் பெட்டி' என்ற சொல்லே அந்தத் தேர்தலின் முழக்கமாயிற்று. ஆனாலும் பெரும்பான்மை மக்கள் அந்தப் பெட்டியை வெளியில் நின்றுதான் பார்க்க முடிந்தது.

1952: எல்லோருக்கும் ஓட்டு

விடுதலை பெற்ற இந்தியா இந்த நிலையை ஒரே வீச்சில் மாற்றியது. அரசியலமைப்பின் 325-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றைக் காரணம் காட்டி எவரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கக்கூடாது என்கிறது. 326-ஆம் பிரிவு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கிறது. அப்போது வயது வரம்பு 21. 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 1989 முதல் அது 18 ஆயிற்று.

முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அவர் முன்னிருந்த முதல் வேலை வாக்குப்பெட்டி செய்வதன்று, பட்டியல் தயாரிப்பது. சுமார் 17.3 கோடிப் பேரின் பெயர்களை வீடு வீடாகச் சென்று எழுத வேண்டியிருந்தது. வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லத் தயங்கி, 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிவு செய்தனர். சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்பதில்லை என ஆணையம் முடிவு செய்தது. அதனால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் வாக்களிக்க இயலவில்லை. அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலோர் தம் பெயரைக் கொடுத்துப் பதிந்துகொண்டனர். அரசியலமைப்பு உரிமையைக் கொடுத்த பின்னும் அதைக் கையில் கொண்டுவந்து சேர்ப்பது பட்டியலில் உள்ள பெயர்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

1952-லும் 1957-லும் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி இருந்தது. அதன்மேல் சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. விரும்பிய சின்னத்தின் பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். எல்லா வேட்பாளரின் பெயரையும் சின்னத்தையும் ஒரே சீட்டில் அச்சிட்டு, அதில் குறியிடும் முறை 1962 பொதுத்தேர்தலில் பரவலாயிற்று. வாக்களிப்போர் விரலில் அழியாத மை வைப்பதும் வழக்கம். சத்தியமங்கலத்திலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் ஏறிச் சாம்ராஜ்நகர் வழியாகச் சென்றால் மைசூரு வரும். அங்குள்ள கர்நாடக அரசு நிறுவனமான மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ்தான் நாடு முழுவதற்கும் அந்த மையைத் தயாரித்து அளிக்கிறது. வெள்ளி நைட்ரேட் கலந்த மை என்பதால் தோலில் பட்டதும் கறை படிந்துவிடும். பல நாள்களுக்கு அழியாது.

இடம் மாறாத ஊர், மாறிய தொகுதி

ஓர் ஊர் இருந்த இடத்தில் இருக்க, அதன் தொகுதியும் மாவட்டமும், சில சமயம் மாநிலமும்கூட மாறுவதுண்டு. சத்தியமங்கலம் மலைகளுக்கு வடக்கே உள்ள கொள்ளேகால் வட்டம் 1952-இல் கோவை மாவட்டத்தில் இருந்தது. அதன் மக்கள் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தனர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது அது மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தது. அடுத்த தேர்தலில் அவர்கள் வேறொரு சட்டமன்றத்துக்கு வாக்களித்தனர். கன்னடம் பேசுவோர் மிகுந்த தாளவாடி தமிழ்நாட்டிலேயே நிலைத்தது.

1979-இல் கோவை மாவட்டம் பிரிக்கப்பட்டுப் பெரியார் மாவட்டம் உருவானது. அதுவே இன்றைய ஈரோடு மாவட்டம். 2008-இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை சத்தியமங்கலத்தை மேலும் மாற்றியது. சத்தியமங்கலம் என்ற பெயரில் இருந்த சட்டமன்றத் தொகுதி நீக்கப்பட்டது. நகரம் பவானிசாகர் தொகுதியில் சேர்ந்தது. அந்தத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியும் மறைந்து, பவானிசாகர் நீலகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்றானது. ஆகவே இன்று சத்தியமங்கலத்துக்காரரும் ஊட்டிக்காரரும் ஒரே நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'தனித் தொகுதி' என்றால் பட்டியல் சாதியினர் மட்டுமே வாக்களிக்கும் தொகுதி என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஒதுக்கீடு வேட்பாளர் பட்டியலுக்கு மட்டுமே. வாக்காளர் பட்டியலில் எல்லோரும் உண்டு.

வாக்கு எதைத் தீர்மானிக்கிறது?

'யார் வந்தாலும் நம் பாட்டை நாம்தான் பார்க்க வேண்டும்' என்ற பேச்சு ஊர்ப்புறத்தில் அடிக்கடி கேட்கும். சத்தியமங்கலம் பகுதியின் அன்றாட வாழ்க்கையே இதற்கு மறுமொழி சொல்கிறது.

முதலாவது தண்ணீர். 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையும், அதிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலும் ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் அளிக்கின்றன. எப்போது மதகைத் திறப்பது, எத்தனை நாள் தண்ணீர் விடுவது என்பது அரசின் ஆணை. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து வாதிட்டபோதும், முடிவெடுக்கும் இடம் அரசாகவே இருந்தது.

இரண்டாவது மின்சாரம். கொங்கு நாட்டின் கிணற்றுப் பாசனம் மின்மோட்டாரை நம்பியது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் நடந்த போராட்டத்தின்போது பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தனர். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கோவை நகரச் சாலைகளில் நிறுத்திப் போராடினர். போராட்டம் தெருவில் தொடங்கினாலும், முடிந்தது சட்டமன்றத் தேர்தல் அரசியலில்தான். கட்சிகள் விவசாயிகளின் வாக்கைக் கணக்கில் எடுத்தன. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று.

மூன்றாவது, ஒரு சான்றிதழ். இதற்கு மலையேற வேண்டும். கடம்பூர், பர்கூர் மலைகளில் வாழும் மலையாளி என்னும் மலைவாழ் மக்கள் ஈரோடு மாவட்டத்தில் பழங்குடியினராகக் கருதப்படுவதில்லை. இதே மக்கள் சேலம், தருமபுரி முதலிய மாவட்டங்களில் பழங்குடிப் பட்டியலில் உள்ளனர். பழைய பட்டியலில் மலையாளிகளின் பெயருடன் சில மாவட்டங்கள் மட்டுமே குறிக்கப்பட்டதும், அவற்றுள் கோவை மாவட்டம் இல்லாததுமே காரணம். சாதிச் சான்றிதழ் இல்லாமல் கல்வி உதவி, வேலைவாய்ப்பு, வன உரிமைக் கோரிக்கை எல்லாவற்றிலும் அவர்களுக்குத் தடை எழுகிறது. இதை வட்டாட்சியராலோ மாவட்ட ஆட்சியராலோ மாற்ற முடியாது. மாநில அரசாலும் தனித்து மாற்ற முடியாது. அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவின்படி, பழங்குடிப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. தமிழ்நாட்டின் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தால்தான் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. மலைக்கிராமத்தில் ஒருவர் மக்களவைத் தேர்தலில் அழுத்தும் பொத்தானுக்கும், அவர் குழந்தையின் சான்றிதழுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

மொடக்குறிச்சி, 1996

வாக்கு ஒரு கோரிக்கை என்றால், வேட்புமனுவும் ஒரு கோரிக்கையாகலாமா? கீழ்பவானி வாய்க்கால் பாயும் பகுதியில், ஈரோட்டுக்குத் தெற்கே உள்ள மொடக்குறிச்சி 1996-இல் இந்தக் கேள்வியை எழுப்பியது.

அந்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியின் வேட்பாளர் எண்ணிக்கை 1,033. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் விவசாயிகள். தங்கள் கோரிக்கைகளை அரசு பொருட்படுத்தவில்லை என்பதை நாட்டுக்குக் காட்ட, விவசாயிகள் சங்கத்தினர் கூட்டம் கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்தனர். அவர்கள் வெற்றியை எதிர்பார்க்கவில்லை. தேர்தல் இயந்திரத்தையே ஒருகணம் நிறுத்திப் பார்க்க விரும்பினர்.

நிறுத்தியும் விட்டனர். வாக்குச்சீட்டை ஒற்றைத் தாளில் அச்சிட முடியாமல் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. வாக்குப்பதிவு ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. வாக்காளர் பக்கங்களைப் புரட்டித் தம் வேட்பாளரைத் தேடி முத்திரையிட்டனர். தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதாவது, அவர்கள் பெயர் வேட்பாளர் பட்டியலில் இருந்தும், அவர்களேகூடத் தமக்கு வாக்களித்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பைப் பதிவு செய்ய வேட்புமனு. ஆட்சியைத் தேர்ந்தெடுக்க ஓட்டு. இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்திய அந்த விவசாயிகள் அரசியல் அறியாதவர்கள் அல்லர்.

1996-இல் இது மொடக்குறிச்சியில் மட்டும் நடக்கவில்லை. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர் போட்டியிட்டனர். ஃபுளூரைடு கலந்த குடிநீரால் எலும்பு நோய்க்கு ஆளான மாவட்டத்தின் எதிர்ப்பு அது. கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர் களத்தில் இருந்தனர்.

நாடாளுமன்றம் விரைவாகச் செயல்பட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1996-லேயே திருத்தப்பட்டது. சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. சுயேச்சைகளுக்கும் அங்கீகாரம் பெறாத கட்சியினருக்கும் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது. 2010-இல் தொகை மீண்டும் உயர்ந்து சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000 ஆயிற்று. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு இதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் இந்தத் தொகை திரும்பக் கிடைக்காது. 'டெபாசிட் போச்சு' என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான்.

இந்தத் திருத்தத்தை இருவிதமாகப் பார்க்கலாம். ஆயிரம் பெயர் கொண்ட வாக்குச்சீட்டு வாக்காளரைத் திணறடிக்கும்; தேர்தலை நடத்தவே முடியாமற் போகும். எனவே ஒரு வரம்பு தேவை என்பது நியாயம். மறுபுறம், பணத்தால் வைக்கும் வரம்பு பணமில்லாதவரையே முதலில் தடுக்கும். 1920-இல் வாக்காளர் பட்டியலின் வாசலில் நின்ற வரி ரசீது, இன்று வேட்பாளர் பட்டியலின் வாசலில் வைப்புத்தொகையாக நிற்கிறது என்று ஒருவர் வாதிட்டால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதி மக்களின் ஆதரவைக் கேட்கிறது. வைப்புத்தொகை பணத்தைக் கேட்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

வைப்புத்தொகை உயர்ந்தும் இந்த வழி முழுதும் அடைபடவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில், தெலங்கானாவின் நிசாமாபாத்தில் 185 பேர் போட்டியிட்டனர். பெரும்பாலோர் மஞ்சளுக்குக் கட்டுபடியாகும் விலையும் மஞ்சள் வாரியமும் கேட்ட விவசாயிகள். மஞ்சள் சந்தைக்குப் பெயர்பெற்ற ஈரோட்டிலும் அந்தச் செய்தி ஆர்வத்துடன் கவனிக்கப்பட்டது. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிசாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது.

எதிர்ப்பைத் தெரிவிக்க இன்று இன்னொரு வழியும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் அளித்த தீர்ப்பின்படி, வாக்குப்பதிவு இயந்திரத்தின் கடைசிப் பொத்தானாக 'நோட்டா' வந்தது. 'மேற்கண்ட எவருக்கும் இல்லை' என்பது அதன் பொருள். ஆனால் நோட்டாவுக்கு எத்தனை வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களுள் அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி பெறுவார். மூன்றாவது வழி தேர்தல் புறக்கணிப்பு. சாலை, பாலம், பட்டா கேட்டு ஊர்கள் கறுப்புக்கொடி கட்டுவது தமிழகமெங்கும் உள்ள வழக்கம். அதிகாரிகள் பேச்சு நடத்த வருவார்கள் என்பது உண்மைதான். ஆயினும் வாக்குப்பதிவு முடிந்த பின் பெட்டியில் இல்லாத வாக்குக்கு எந்தக் கட்சியும் கணக்குப் பார்ப்பதில்லை.

பட்டியலில் பெயர் சேர்ப்பது எப்படி?

வாக்காளர் ஆவதற்கு மூன்று தகுதிகள் போதும்: இந்தியக் குடியுரிமை, 18 வயது, அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிப்பது. முன்பு ஜனவரி 1 அன்று 18 நிரம்பியிருந்தால் மட்டுமே அந்த ஆண்டுப் பட்டியலில் சேர முடிந்தது. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உள்ளன. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 18 ஆனதும் பெயர் சேரும்.

விண்ணப்பப் படிவங்களை நினைவில் வைப்பது எளிது. முதல்முறை பெயர் சேர்க்கப் படிவம் 6. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ. ஒரு பெயரைச் சேர்க்க மறுப்புத் தெரிவிக்கவும் பெயரை நீக்கக் கோரவும் படிவம் 7. முகவரி மாற்றம், பிழைத் திருத்தம், அடையாள அட்டைக்கு மாற்று அட்டை ஆகியவற்றுக்குப் படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ, அதன் கைபேசிச் செயலியிலோ, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இவற்றைக் கொடுக்கலாம். ஐயம் தீர்க்க 1950 என்ற தொலைபேசி எண் உண்டு. வாக்காளர் பதிவு அலுவலர் விண்ணப்பத்தை நிராகரித்தால் மாவட்ட ஆட்சியரிடமும், அடுத்து மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

'வழக்கமாக வசிப்பது' என்பதில்தான் இப்பகுதியில் சிக்கல் மிகுதி. சத்தியமங்கலத்தில் இருந்தும் மலைக்கிராமங்களில் இருந்தும் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கரும்பு வெட்டவும் செல்கின்றனர். ஊரில் ஒரு பெயர், வேலைசெய்யும் இடத்தில் ஒரு பெயர் என இரண்டு இடத்தில் பதிவது சட்டப்படி தவறு. நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். சில வார வேலைக்காகச் சென்று திரும்புவோர் ஊரிலுள்ள பதிவை இழக்க வேண்டியதில்லை. ஆனால் வீடு பூட்டியிருந்தபோது அலுவலர் வந்து சென்றாரா என்று கேட்டறிய வேண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இரட்டைப் பதிவு என ஆணையம் காரணம் கூறியது. தகுதியிருந்தும் விடுபட்டவர் மீண்டும் படிவம் 6 கொடுக்க வேண்டியிருந்தது. வரைவுப் பட்டியல் வெளியானதும் தம் பெயரைத் தேடிப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அந்த எண்ணே உணர்த்தும்.

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருப்பதால் மட்டும் வாக்களிக்க முடியாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மாறாக, பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்ற மாற்று ஆவணம் காட்டி வாக்களிக்கலாம். வீட்டுக்கு வரும் பூத் சிலிப் வழிகாட்டும் சீட்டே; அது அடையாள ஆவணம் அன்று.

வாக்குச்சாவடியில்

வாக்குச்சாவடியில் முதல் அலுவலர் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் அதைக் கேட்டு ஆள்மாறாட்டம் இருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவார். அதன்பின் இயந்திரம் தயார்செய்யப்படும். மறைப்பினுள் சென்று, விரும்பிய பெயருக்கும் சின்னத்துக்கும் எதிரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அருகிலுள்ள விவிபாட் கருவியின் கண்ணாடிக்குள், தேர்ந்தெடுத்த சின்னம் அச்சான சீட்டு 7 விநாடிகள் தெரியும். 'பீப்' ஒலியும் கேட்கும்.

ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பெயர்களுக்கு இடமுண்டு. இப்போதைய இயந்திரத்துடன் 24 கருவிகள் வரை இணைக்கலாம், ஆக 384. மொடக்குறிச்சியின் 1,033 பேர் இன்று நின்றாலும் இயந்திரத்தில் அடங்க மாட்டார்கள்.

நாம் செல்லும் முன்பே நம் பெயரில் வேறொருவர் வாக்களித்திருந்தால் திரும்பி வந்துவிடக்கூடாது. அடையாளத்தை நிறுவினால், தலைமை அலுவலர் வாக்குச்சீட்டு ஒன்றைத் தருவார். இது தனி உறையில் வைக்கப்படும். நீதிமன்றத்துக்கு வழக்குச் சென்றால் சான்றாகும். வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்போருக்கு டோக்கன் கொடுத்து அனைவரும் வாக்களிக்க அனுமதிக்க வேண்டும். 85 வயதுக்கு மேற்பட்டோரும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உடையோரும் முன்கூட்டியே படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம்.

ஊராட்சித் தேர்தல்களில் முறை சற்று வேறு. அவற்றை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். கிராம வாக்காளர் ஒரே நேரத்தில் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என நால்வரைத் தேர்ந்தெடுக்கிறார். அங்கே இன்றும் வண்ண வாக்குச்சீட்டுகள் உண்டு: தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள்.

281 வாக்குகள்

மொடக்குறிச்சி 2021-இல் மீண்டும் பேசப்பட்டது. 1996-இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வென்ற அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், இந்தமுறை பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 வாக்குகளில் தோற்றார். ஒரு வாக்குச்சாவடியின் பட்டியலில் பொதுவாகப் பல நூறு பேர் இருப்பார்கள். ஆக, ஒரேயொரு வாக்குச்சாவடியைச் சேர்ந்த ஒரு பகுதியினர் கைகளில் ஒரு சட்டமன்றத் தொகுதியின் முடிவு இருந்தது. பெயர் விடுபட்டவர்கள், முகவரி மாற்றாதவர்கள், 'ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்' என்று வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த 281-க்குள் அடங்கிவிடக்கூடியவர்களே.

ஆகவே வாக்களிக்க விரும்புவோர் வாக்குப்பதிவு நாளைவிட முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டிய நாள் ஒன்று உண்டு. அது வேட்புமனு தாக்கலின் கடைசி நாள். சட்டப்படி அன்றுக்குப் பின் வாக்காளர் பட்டியலில் புதிய பெயர் சேர்க்க முடியாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் காலம் தேவை என்பதால் சுமார் பத்து நாள் முன்பே கொடுத்திருக்க வேண்டும். அன்றுக்குப் பின் புதிய வேட்பாளரும் வர முடியாது. இரண்டு பட்டியல்களுக்கும் வாசல் மூடப்படுவது அதே நாளில்தான்.